சிவப்பு மையில் எழுதிய பதினைந்து

வருகிற ஜூனில் நீங்கள் மூவரும் நவதுறவகப் பொறுப்பை ஏற்கிறீர்கள் என்று மாகாண இல்லத்துச் சுற்றறிக்கையில் படித்தேன். நாளைக் குறித்தும் வைத்துக்கொண்டேன். பழக்கம் போகவில்லை. கால அட்டவணையும் பாடத்திட்டமும் கையேட்டில் இருக்கின்றன. கையேட்டில் இல்லாத எதையாவது உங்களுக்காக எழுதித் தரும்படி நம் சபை இதழின் பொறுப்பாளர் கேட்டார். துறவுக்கென வந்து சேரும் புதுப் பெண்களை, நம் நவதுறவிகளை, பதினோரு ஆண்டுகள் பயிற்றுவித்தவளிடம் சொல்ல நிறைய இருக்கும் என்று நினைத்திருப்பார். நிறையத்தான் இருக்கிறது, ஆனால் அதில் பாதிக்கு மேல் நான் செய்த தவறுகள். அவற்றில் பெரிய ஒன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் குணத்தைச் சொல்லிவிட வேண்டும். நான் நாட்குறிப்பு எழுதுகிறவள். கடலூர் முதுநகர் வீட்டில் என் அறை அலமாரியில் அவை ஆண்டு வரிசைப்படி நின்றன. எந்த ஆண்டு கிணறு தூர் வாரினோம், எந்தப் புயலில் முருங்கை சாய்ந்தது என்று யாராவது கேட்டால் மூன்று நிமிடத்தில் எடுத்துச் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன். நவதுறவிகள் என் முதுகுக்குப் பின்னால் எனக்குப் 'பஞ்சாங்கம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயர் முதன்முதலில் என் காதில் விழுந்த நாளும் நாட்குறிப்பில் இருக்கிறது.

இனி விதி. உங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும் நடந்தது முழுவதும் அதைச் சுற்றியே இருப்பதால் ஒரு முறை சொல்கிறேன். துறவு வாழ்வுக்கான முதல் வார்த்தைப்பாடு கொடுப்பதற்கு முன் ஒரு பெண் பன்னிரண்டு மாதம் நவதுறவகத்திலேயே வாழ வேண்டும். அவசரத்துக்கு வெளியே தங்கலாம். பதினைந்து நாள்வரை மன்னிப்பு உண்டு. அதற்கு மேல் ஒரு நாள் போனாலும் வெளியே இருந்த எல்லா நாள்களையும் ஈடு செய்த பிறகுதான் வார்த்தைப்பாடு. நம் வழக்கப்படி புறப்பட்ட நாள் கணக்கில் சேரும், திரும்பிய நாள் சேராது.

இன்னொரு வழக்கம், மாதச் சீட்டு. ஒவ்வொரு நவதுறவியும் மாதக் கடைசியில் ஒரு தாளில் தன் மாதத்தை எழுதிப் பொறுப்பாளரிடம் தருவாள். ஜெபம் எப்படி இருந்தது, யாரோடு மனத்தாங்கல், உடம்புக்கு என்ன, வெளியே போனாளா என்று எல்லாம் அதில் வரும். அது இருவருக்கும் இடையில் மட்டும் இருக்க வேண்டியது. சபைத் தலைவி கேட்டாலும் அவள் சம்மதம் இல்லாமல் காட்டக்கூடாது. நான் அந்தச் சீட்டுகளைச் சிவப்புப் பேனாவோடு படிப்பேன். தேதி தவறாக இருந்தால் திருத்துவேன், ஒற்றுப்பிழையையும் விடமாட்டேன். திருத்தியதை எழுதியவளிடம் பார்க்கக் கொடுத்துவிட்டு, திரும்ப வாங்கிக் கோப்பில் வைப்பேன். கையேட்டில் எங்கும் அப்படிச் சொல்லவில்லை. நானாகச் சேர்த்துக்கொண்டது.

இது நடந்த ஆண்டு நவதுறவிகள் ஐந்து பேர். அவர்களில் ஒருத்தி சகாயம். கிள்ளைக்காரி. அப்பா பிச்சாவரத்தில் சுற்றுலாப் பயணிகளுக்குப் படகு ஓட்டுகிறவர். அவளுக்குச் சிரிப்பு சீக்கிரம் வரும், சமையல் அதைவிடச் சீக்கிரம் வரும். பிரார்த்தனை நேரத்தில் தூங்காத ஒரே ஆள் அவள்தான் என்று மற்ற நால்வரும் குறைப்பட்டுக்கொள்வார்கள்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் சிதம்பரத்திலிருந்து வீட்டுக்குத் தொலைபேசி வந்தது. அங்கே நம் சகோதரிகள் மூன்று பேர் கல்லூரிப் பெண்களுக்கான விடுதி நடத்துகிறார்கள். இருவருக்கு அம்மை போட்டுவிட்டது, சமையலுக்கு ஆள் இல்லை, விடுதியில் நாற்பது பெண்கள். நம் வீட்டில் சிறுவயதிலேயே அம்மை போட்டவள் சகாயம் ஒருத்திதான். நான் அப்போது புதுச்சேரியில் ஒரு பயிற்சிக் கூட்டத்தில் இருந்தேன். இல்லத் தலைவி நேரத்தை வீணாக்காமல் சகாயத்தைப் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார். நான் அந்த இடத்தில் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

வியாழன் மாலை கடலூர் திரும்பினேன். செய்தியைக் கேட்டேன். நாட்குறிப்பைத் திறந்து, 'வியாழன். சகாயம் சிதம்பரத்தில், சமையலுக்கு' என்று எழுதினேன். அவள் எப்போது புறப்பட்டாள் என்று கேட்கத் தோன்றவில்லை. எழுதியது வியாழனில். ஆகவே என் மனத்தில் அவள் வியாழனன்று போனவள் ஆகிவிட்டாள்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் பக்கத்தின் மூலையில் சின்ன எண் போட்டுக்கொண்டே வந்தேன். சரியாக இரண்டு வாரம் கழித்து வந்த வியாழனன்று, எண் பதினைந்து. விடுதிக்குத் தொலைபேசி செய்தேன்.

"சகாயம், இன்னையோட பதினஞ்சு. நாளைக்கு முதல் பஸ்ஸுக்குக் கிளம்பி வந்துடணும்."

"பதினஞ்சா சிஸ்டர்?"

"பதினஞ்சேதான். எண்ணிக்கிட்டே இருக்கேன்."

"சரிங்க சிஸ்டர். இன்னைக்குச் சாயங்காலம் கொழுக்கட்டை கேட்டாங்க இந்தப் பசங்க, அத மட்டும் செஞ்சி குடுத்துட்டு..."

"கொழுக்கட்டை செய். ஆனா நாளைக்கு இங்க இரு."

வெள்ளிக்கிழமை காலைத் திருப்பலிக்கு முன்பே கையில் ஒரு தூக்கோடு வந்து நின்றாள். உள்ளே கொழுக்கட்டை. விதியின் எல்லைக் கோட்டில் கால் படாமல் ஒரு பெண்ணைத் திருப்பி அழைத்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமையையும் எழுதி வைத்திருக்கிறேன்.

பத்து மாதம் ஓடியது. மே மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை ஓராண்டு நிறைகிறது, அன்றே வார்த்தைப்பாடு என்று முடிவானது. ஐவரின் பெயரோடும் அழைப்பிதழ் அச்சடித்தோம். ஒவ்வொருத்தியும் மாகாணத் தலைவிக்கு விண்ணப்பம் எழுதிக் கையெழுத்திட்டாள். அதில் 'வெளியே தங்கிய நாள்கள்' என்று ஒரு கட்டம் உண்டு. சகாயம் பதினைந்து என்று எழுதினாள். நான் நாட்குறிப்போடு ஒப்பிட்டு 'சரி' போட்டேன்.

விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது சிதம்பரம் விடுதியிலிருந்து சிஸ்டர் லூர்து வந்தார். அம்மை போட்ட இருவரில் ஒருவர் அவர். மாலையில் தேநீர் குடித்துக்கொண்டே நவதுறவிகளிடம் சகாயத்தைக் கிண்டல் செய்தார்.

"இவ வந்த அன்னிக்குத் தேரு. பஸ்ஸ ஊருக்கு வெளியவே நிறுத்திட்டான். வடக்கு வீதியில கூட்டத்துல மாட்டிக்கினு ஒரு மணி நேரம். யாரோ ஒரு அம்மா இவ வெள்ள உடுப்பப் பாத்துட்டு, நீ நர்ஸு தானேம்மா, எங்க ஊட்டுக்காரருக்கு மயக்கமா வருது பாருன்னு கையப் புடிச்சி இழுத்திருக்கு."

"நீ என்ன பண்ண?" என்று ஒருத்தி கேட்டாள்.

"மோரு வாங்கிக் குடுத்தேன். எழுந்து உக்காந்துட்டாரு. நல்ல நர்ஸுன்னு பேரு வாங்கிக்கினு வந்தேன்" என்றாள் சகாயம்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் என் கையிலிருந்த தேநீர் ஆறிவிட்டதுபோல் இருந்தது. தேர் செவ்வாய்க்கிழமை அல்லவா? அன்று புதுச்சேரிக் கூட்டத்தில் சிதம்பரத்துக்காரர் ஒருவர் தேர் பார்க்க முடியவில்லையே என்று புலம்பியதை நான் குறித்து வைத்திருந்தேனே.

அறைக்குப் போய் நாட்குறிப்பை எடுத்தேன். என் கையெழுத்தில் இருந்தது: 'செவ்வாய். சிதம்பரத்தில் ஆனித் தேர்.' இரண்டு பக்கம் தள்ளி, 'வியாழன். சகாயம் சிதம்பரத்தில்.' செவ்வாயிலிருந்து எண்ணினேன். பதினேழு. விரல் விட்டும் எண்ணினேன். அப்படி எண்ணியது பள்ளிக்கூட நாளுக்குப் பிறகு அன்றுதான்.

பதினைந்து என்றால் பூச்சியம். பதினேழு என்றால் பதினேழும் பாக்கி.

இந்த இடத்தில்தான் இரண்டாவது தவறைச் செய்தேன். அது முதல் தவறைவிட மோசமானது. பதற்றத்தில் உடனே மாகாணத் தலைவிக்குத் தொலைபேசி செய்தேன். உண்மையை உடனே சொன்னது சரிதான். சொன்ன விதம் சரியில்லை. "அந்தப் பெண் பதினேழு நாள் வெளியே இருந்திருக்கிறாள், விண்ணப்பத்தில் பதினைந்து என்று எழுதியிருக்கிறாள்" என்றேன். இரண்டு பாதியும் நிஜம். சேர்த்துச் சொன்னதும் அது ஒரு குற்றச்சாட்டாகிவிட்டது. என் நாட்குறிப்பைப் பற்றி அந்த வாக்கியத்தில் ஒரு சொல்லும் இல்லை.

மூன்றாம் நாள் மாகாணத் தலைவியும் அவருடைய ஆலோசகர்கள் இருவரும் கடலூர் வந்தார்கள். சகாயத்தை வரவேற்பறைக்கு அழைத்தார்கள். மூத்த ஆலோசகர் விண்ணப்பத்தை மேசைமேல் வைத்தார்.

"தேர் அன்னிக்குத்தான் போனியா?"

"ஆமாங்க சிஸ்டர்."

"அப்ப பதினேழு நாளுன்னு உனக்குத் தெரியும்."

சகாயம் என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "தப்புதாங்க சிஸ்டர்" என்றாள். வெளியே போகச் சொன்னார்கள்.

மூத்த ஆலோசகர் கெட்டவர் இல்லை. கறாராகப் பேசுவார். "நாள் ஒரு பெரிய விஷயம் இல்ல, ஈடு பண்ணிடலாம். ஆனா விழா தள்ளிப்போகக் கூடாதுன்னு தெரிஞ்சே கொறச்சி எழுதுற பொண்ணு, நாளைக்கு என்னத்த எல்லாம் கொறச்சி எழுதும்? ஆறு மாசம் நீட்டிப் பாப்போம். இல்ல, வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்றார். தலைவி என் பக்கம் திரும்பினார். "அவள் கோப்பு இருந்தால் எடுத்து வாருங்கள். ஏதாவது இதுபோல முன்பு நடந்திருக்கிறதா பார்ப்போம்."

அலமாரியைத் திறந்து கோப்பைப் புரட்டினேன். மாதச் சீட்டுகளைக் காட்ட வேண்டியதில்லை என்பதால் அவற்றைத் தனியே எடுத்து வைத்தேன். அப்போது அவள் சிதம்பரம் போன மாதத்துச் சீட்டு மேலே வந்தது. சகாயத்தின் உருண்டை எழுத்து: 'சிதம்பரத்தில் 17 நாள் இருந்தேன்.' பதினேழின் மேல் ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில் சிவப்பு மையில் 15. ஓரத்தில், அதே மையில், அடிக்கோடிட்டு: 'கவனம் தேவை.'

அந்தக் கையெழுத்து யாருடையது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எத்தனை நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. என் வாழ்க்கையில் நேரம் குறித்து வைக்காத சில நிமிடங்கள் அவை. ஒன்றை மட்டும் ஒளிக்காமல் எழுதுகிறேன். அந்தச் சீட்டைக் காட்டத் தேவையில்லை என்று விதியே சொல்கிறதே என்ற நினைப்பு எனக்கு வந்தது. விதி தெரிந்தவர்களுக்குத்தான் இப்படியெல்லாம் நினைப்பு வரும். வந்த நினைப்பை உட்கார வைக்காமல் சீட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தேன்.

சகாயம் துவைக்கும் கல்லருகே போர்வை பிழிந்துகொண்டிருந்தாள். அழுதிருந்தாள், ஆனால் போர்வையை விடவில்லை. சீட்டைக் காட்டினேன்.

"இத உள்ள இருக்கறவங்ககிட்ட காட்டலாமா? நீ சொன்னாத்தான் காட்ட முடியும்."

பார்த்தாள். "வேணாங்க சிஸ்டர்."

"என்னைக் காப்பாத்தறியா?"

"அதெல்லாம் இல்லீங்க." போர்வையின் ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். நான் பிடித்துக்கொண்டேன். இருவரும் முறுக்கினோம். "அங்க கேட்டப்ப எனக்கே ஒண்ணும் புரியல சிஸ்டர். சீட்டு திரும்பி வந்தப்ப, நான் செவ்வாக்கெழமதானே போனேன்னு ஒரு வாரம் யோசிச்சிக்கினே இருந்தேன். நீங்க தேதியெல்லாம் தப்பா எழுத மாட்டீங்க. அப்பறம் தேரே வியாழக்கெழம ஓடுச்சோன்னு நெனச்சிக்கினேன். நெனச்சி நெனச்சி வியாழக்கெழமயே ஆயிடுச்சி. அன்னைக்கு லூர்து சிஸ்டர் சொன்னப்பகூட ஒண்ணும் ஒறைக்கல."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"கேட்டேனே சிஸ்டர். போன்ல. பதினஞ்சான்னு."

கேட்டிருந்தாள். நான் பதினஞ்சேதான் என்று சொல்லியிருந்தேன்.

சகோதரிகளே, ஒரு பெண் பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. தேர்க் கூட்டத்தில் ஒரு மணி நேரம் தன் காலால் நின்றவள், அந்த நாளையே என் சிவப்பு மைக்காக மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். கீழ்ப்படிதல் என்று நான் கற்றுக்கொடுத்தது அவள் மனத்தில் இப்படிப் போய் உட்கார்ந்திருக்கிறது. நான் பயிற்சி கொடுத்த ஆண்டுகளில் இன்னும் எத்தனை பேருக்கு எத்தனை செவ்வாய்களை வியாழனாக்கினேனோ.

"சகாயம், நான் உன் மேல இரக்கப்பட்டுக் கேக்கல. நடந்தத நடந்தபடி சொல்லணும்னு கேக்கறேன். காட்டட்டுமா?"

போர்வையைக் கொடியில் போட்டாள். "காட்டுங்க. ஆனா அந்த 'கவனம் தேவை'ய மட்டும் கையால மறைச்சிக்கினு காட்டுங்க சிஸ்டர். சிரிப்பாங்க."

மறைக்காமலே காட்டினேன். நாட்குறிப்பின் இரண்டு பக்கங்களையும் பக்கத்தில் விரித்து வைத்தேன். "பதினேழு என்று அவள் அந்த மாதமே எழுதிவிட்டாள். பதினைந்து ஆக்கியது நான். அன்று தொலைபேசியில் இதைச் சொல்லாமல் விட்டதும் நான்தான்" என்றேன். மூத்த ஆலோசகர் சீட்டை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார்.

"கவனம் தேவைன்னு வேற எழுதியிருக்கீங்க" என்றார்.

தலைவிதான் முதலில் சிரித்தார். பிறகு நிறுத்த முடியவில்லை. ஆலோசகர் சீட்டைத் திருப்பிக் கொடுத்தபடி, "இதுல அந்தப் பொண்ணு மேல தப்பு எதுவும் இல்ல. நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன்" என்றார். கறாராகப் பேசுகிறவர்கள் அதே கறாரோடு வாபஸும் வாங்குவார்கள். அவரிடம் எனக்குப் பிடித்தது அதுதான்.

ஆனால் பதினேழு நாள் பாக்கி அப்படியே இருந்தது. விதியைப் பிரித்து உட்கார்ந்தோம். வார்த்தைப்பாட்டை முன்கூட்டி நடத்தத் தலைவிக்கு அதிகாரம் உண்டு, ஆனால் பதினைந்து நாளுக்கு மேல் முடியாது. பதினேழில் பதினைந்தைத் தலைவி விட்டுக்கொடுத்தார். மீதி இரண்டு. நான் விழுங்கிய அதே இரண்டு நாள். சனிக்கிழமை நால்வர், திங்கட்கிழமை சகாயம் தனியாக.

அழைப்பிதழில் அவள் பெயர் சனிக்கிழமையில் இருந்தது. அவள் அப்பாவுக்கு நானே தொலைபேசி செய்தேன். தவறு என்னுடையது, விழா இரண்டு நாள் தள்ளிப்போகிறது, ஆயர் வர முடியாது, பங்குச் சாமியார்தான் திருப்பலி வைப்பார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். மறுமுனையில் துடுப்பைக் கீழே போடும் சத்தம் கேட்டது. கோபம் என்று நினைத்தேன்.

"திங்கக்கெழமயா சிஸ்டர்?"

"ஆமாங்க. மன்னிக்கணும்."

"இல்ல, நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. சனி, ஞாயிறு இங்க லீவுக் கூட்டம். படக விட்டுட்டு வர முடியாது. நானும் அவ அம்மாவும் மட்டும் வந்துட்டு மதியமே திரும்பிடலாம்னு இருந்தோம். அவ மாமன், சித்தப்பன் எல்லாம் வர முடியலன்னு ஒரு மாசமா மூஞ்சியத் தூக்கிக்கினு திரியறானுங்க. திங்கன்னா கூட்டம் இருக்காது. மொத்தமா வந்துருவோம்." பிறகு கொஞ்சம் தயங்கி, "எத்தன பேரு வரலாம் சிஸ்டர்?" என்றார்.

"எத்தன பேரு வேணும்னாலும்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

இரண்டு வேனில் வந்தார்கள். துடுப்புப் பிடித்த கைகளோடு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டைகளோடு எங்கள் சிற்றாலயம் நிரம்பி, வராந்தாவும் நிரம்பியது. பாட்டு தொடங்கியதும் ஆலயத்துக்கு வெளியிலிருந்துதான் சத்தம் அதிகம். சனிக்கிழமை பாடகர் குழுவும் ஒலிபெருக்கியும் இருந்தன. நான் இரண்டு விழாவையும் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமைக்கு இரண்டு பக்கம் அதிகம்.

அதன் பிறகு மாதச் சீட்டுகளைப் பென்சிலோடு மட்டும் படித்தேன். எண் ஒத்துப்போகாத இடத்தில் கேள்விக்குறி போட்டு, எழுதியவளையே கூப்பிட்டுக் கேட்பேன். பல முறை அவர்கள் தவறு. சில முறை என் தவறு. அதற்காக ஒதுக்கிய நேரத்தில் நான் கற்றது, மற்ற எல்லா வகுப்பிலும் கற்பித்ததைவிட அதிகம். நீங்களும் பென்சிலே வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை நடந்த கடைசி விஷயத்தைச் சொல்லி முடிக்கிறேன். வார்த்தைப்பாட்டு உரையை அவரவர் தம் கையாலேயே எழுதி வர வேண்டும் என்பது நம் வழக்கம். அடித்தல் திருத்தல் இருந்தால் பீடத்தில் ஏற்க மாட்டோம். சகாயம் சனிக்கிழமைத் தேதியோடு எழுதி வைத்திருந்ததை விட்டுவிட்டுப் புதிதாக எழுதியிருந்தாள், தேதிக்கு மட்டும் இடம் விட்டு. வாசித்து முடித்ததும் பீடத்தின் மேல் தாளை வைத்து, தேதியை எழுதிக் கையெழுத்திட்டாள். சாட்சிக் கையெழுத்துக்காக அதை என் பக்கம் நகர்த்தினாள். எனக்குக் கண் கலங்கியிருந்தது. தாளைப் பார்க்காமலே பேனாவைக் கீழே கொண்டுபோனேன்.

சகாயம் என் மணிக்கட்டில் ஒரு விரலை வைத்து நிறுத்தினாள். உதடு அசையாமல், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"சிஸ்டர், பாத்துட்டுப் போடுங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். திங்கட்கிழமை. சரியாக இருந்தது. கையெழுத்திட்டேன்.